அஞ்சடி சந்து

நம்ம ஊர்,
ஐப்பசி 22

அன்புள்ள சொக்கு,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. ஏழு மாதமாகப் பதில் இல்லை. பேரன் காதுகுத்துக்கும் வரவில்லை. நீ போன் செய்தால் ‘கடையில கூட்டம், அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுகிறேன். கூட்டமும் இல்லை, அப்புறமும் இல்லை. முழங்கால் எப்படி என்று கேட்க மாட்டேன். கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவாய். இங்கே எல்லாரும் சௌக்கியம். விசாலத்துக்குச் சர்க்கரை ஏறினால் நான் வாங்கி வந்த கந்தரப்பம் காரணம், இறங்கினால் அவள் நடைப்பயிற்சி காரணம்.

சங்கதிக்கு வருகிறேன். என் பெண் மீனாவுக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டது. நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர். டி.என்.பி.எஸ்.சி. எழுதினாள் என்று சொன்னேனே, அதுதான். ‘ஊரை அமைக்க ஒரு உத்தியோகமா? ஊருதான் ஏற்கெனவே இருக்கே’ என்று ஆத்தா கேட்டாள். எண்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு மட்டும்தான் சரியான கேள்வி வருகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி ‘கலெக்டருக்கு மேலேயா கீழேயா?’ என்று விசாரித்தார். பதில் பிடிக்கவில்லை, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அஞ்சு வருஷம் கட்டிடக்கலையில் பி.ஆர்க்., ரெண்டு வருஷம் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஊரமைப்புக்கான எம்.பிளான். நடுவில் சென்னையில் ஒரு ஆபீசில் வேலை. அங்கே அவள் என்ன செய்தாள் தெரியுமா? நம்ம செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்களுக்கு, எந்த அறையில் பாத்ரூம் வைத்தால் நடுமுற்றத்து வளவு கெடாது என்று படம் போட்டுக் கொடுத்தாள். நல்ல சம்பளம். பெங்களூரில் ஒரு கம்பெனி அதைவிட அதிகமாகக் கூப்பிட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். நானும் செலவுக் கணக்கைச் சொல்லிக் காட்டினேன், மறைக்கவில்லை. வட்டிக்கடைப் பரம்பரை, அது எங்கே போகும்.

ஒரு நாள் ராத்திரி முகப்புத் திண்ணையில் மாஸ்டர் பிளான் படம் ஒன்றை விரித்து எனக்குப் பாடம் நடத்தினாள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் கடை, ஊதா தொழிற்சாலை, சிவப்பு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரியானது, பச்சை வயல். பார்த்தால் கண்டாங்கிச் சேலை மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன், முறைத்தாள். பச்சையில் இருக்கிற நிலத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டுமாம். அந்த ஒரு மாற்றத்தில் ஏக்கர் விலை எங்கேயோ போய்விடும். அப்படி மனு வந்தால் கொடுக்கலாமா கூடாதா என்று பார்ப்பது, லேஅவுட்டில் ரோடு எத்தனை அடி, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று சரிபார்ப்பது, பிளானுக்கு மாறாகக் கட்டினால் 56, 57-ஆவது பிரிவில் நோட்டீஸ் கொடுப்பது, இதெல்லாம்தான் வேலை. எல்லாம் 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். கட்டிட அளவுகளுக்கு 2019-இல் வந்த விதிகள். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ‘அப்ப ஒனக்கு வேலை குறைஞ்சிருச்சு’ என்றேன். ‘கூடிருச்சு அப்பச்சி. எல்லாரும் அவங்கவங்க யோக்கியம்னு அவங்களே கையெழுத்துப் போடுறாங்க’ என்றாள்.

வட கரோலினாவில் இருக்கிற நம்ம அண்ணாமலை அன்றைக்கு வீடியோவில் வந்தான். அங்கே சின்ன ஊருக்குக்கூட ஜோனிங் டைரக்டர் என்று ஒருவர் உண்டாம். வேலியை அரை அடி உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரன் சாயங்காலக் கூட்டத்துக்கு வந்து மைக் பிடித்து ஆட்சேபிப்பானாம். மீனா அவனுக்கே பாடம் எடுத்தாள். இந்த ஜோனிங் ஊர் முழுமைக்குமாக நியூயார்க்கில் 1916-இல் வந்ததாம். இப்படி ஊரைக் கூறு போட்டு இன்ன இடத்தில் இன்னதுதான் கட்டலாம் என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டா என்று ஒரு வழக்கு. 1926-இல் ‘உண்டு’ என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்டது ஒரு நிலக் கம்பெனி, எதிர்த்து நின்றது ஓஹியோவில் ஒரு குட்டி ஊர். ஊர் பேர் என்ன தெரியுமா? யூக்ளிட்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம்ம ஜியோமிதி வாத்தியார் ‘எனவே நிரூபிக்கப்பட்டது’ இருந்திருந்தால் நம் ரெண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். மீனாவுக்கு ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை, விளக்கவும் இல்லை.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டேன். ‘ஒங்களாலதான்’ என்றாள்.

2009-இல் நான் வாங்கிய மனை ஞாபகம் இருக்கிறதா? நீகூட ‘பார்க் இருக்கு, கோயில் இருக்கு, ரெண்டு வாங்கு’ என்று உசுப்பிவிட்டாய். அந்த பார்க் மனை விற்ற விளம்பர நோட்டீசில் மட்டும்தான் இருந்தது. பெரிய லேஅவுட் போட்டால் ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். நமக்கு மனை விற்ற ஆள் அங்கீகாரமே வாங்கவில்லை, தானத்துக்கு எங்கே போவது. பார்க்கையும் நாலு மனையாக்கி விற்றுவிட்டார். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-இல் ஹைகோர்ட் தடை போட்டபோது நான் படுத்த பாடு உனக்குத் தெரியும். விசாலத்தின் நகையை வைத்து வாங்கியது. விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. 2017-இல் வரன்முறைப்படுத்த விதி வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட லேஅவுட் என்றால் பணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று. எனக்கு உயிர் வந்தது. அப்போது மீனா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், லீவுக்கு வந்திருந்தாள். வி.ஏ.ஓ.விடம் எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படத்தை வாங்கி, நோட்டீசில் இருந்த லேஅவுட் படத்தின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். என் மனை வழியாக ஒரு கோடு ஓடியது. வரத்துக்கால். நம்ம ஊரணிக்குத் தண்ணி வந்த கால்.

சொக்கு, நாம் நீந்திய ஊரணி. அது வறண்டதற்கு மழை இல்லை, காலம் கெட்டுப்போச்சு என்று பத்து வருஷமாக நானும் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். நீர்வழியில் இருக்கிற மனைக்கு வரன்முறை கிடையாது. பணம் போனது போனதுதான். ஆனால் மீனா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘இத ஒருத்தர் ஒரு தடவ மேப்பப் பாத்திருந்தா நின்னிருக்கும் அப்பச்சி’ என்று மட்டும் சொன்னாள். அந்த ஒருத்தராகப் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நம்ம ஐயாமார்கள் ஊர் கட்டினதைப் பற்றி அவளைப் பேச விட்டுக் கேட்க வேண்டும். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல் என்று நாமெல்லாம் விருந்தாளிக்கு அளக்கிற கதை அவளுக்கு அலுப்பு. தெருதான் அவளுக்கு. நேர்நேராக அகலத் தெரு, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கூரைத் தண்ணி வளவில் விழுந்து, சாக்கடையில் கலக்காமல் தனிக்காலில் ஊரணிக்குப் போகும். எந்த டவுன் பிளானிங் ஆபீஸ் அதைச் செய்தது? 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்ததும் அதற்குத்தானாம். இன்னொன்றும் சொன்னாள்: இன்றைய விதிப்படி ஐயா வீட்டுக்குப் பிளான் போட்டால் பாஸ் ஆகாது! திண்ணை தெருவிலேயே நிற்கிறது, பக்கத்தில் இடம் விடவில்லை. பழைய தெருக்களைத் ‘தொடர் கட்டிடப் பகுதி’ என்று அறிவித்திருந்தால் மட்டும் பக்கத்து இடம் விடாமல் கட்டலாம்.

சும்மா இருந்திருக்கலாம். ‘அப்ப நம்ம கடையும் அந்தப் பகுதிதானே’ என்று வாயைக் கொடுத்தேன்.

‘இல்ல. அது ரெண்டு தெருவுக்கு முன்னாடியே முடிஞ்சிருது.’

மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். பீரோவில் இருந்த 2003-ஆம் வருஷத்துப் பிளானும் கையில். பிளானில் கிழக்குப் பக்கம் அஞ்சடி சந்து. கடையில் கிழக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், பூஜைக்கு வந்து அங்கேதான் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து சர்பத் குடித்தாய். டேப்பின் ஒரு நுனியைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பேன். ரொம்ப நேரம் கழித்து, ‘கட்டி முடிச்சதும் யாராச்சும் வந்து பாத்தாங்களா?’ என்றாள்.

‘பாத்தாங்க.’

‘பாத்துட்டுமா?’

நான் மூட்டை எண்ண ஆரம்பித்துவிட்டேன். தன் பெண்ணுக்கு முன்னால் மூட்டை எண்ணுகிற அறுபத்திரண்டு வயது ஆள். நீயே கற்பனை செய்துகொள்.

இதுதான் என்னைத் தின்கிறது. அவள் எப்படிச் சமாளிப்பாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆகி, கோட்டையூர், கண்டனூர் எல்லாம் உள்ளே போனதிலிருந்து இந்தப் பக்கம் புரோக்கர் இல்லாத டீக்கடை கிடையாது. எந்த ஊருக்குப் போட்டாலும் இதே கதைதான். லேஅவுட் போடுகிறவன் வருவான், வார்டுக்காரர் வருவார், மந்திரிக்கு வேண்டியவர் போன் செய்வார், கையெழுத்துப் போடாவிட்டால் மாற்றல். இதெல்லாம் விசாலத்தின் கவலை. என் கவலை வேறே. அவள் மேஜைக்கு முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப்போகிறவன் ரவுடி இல்லை. என்னை மாதிரி ஒருத்தன். சட்டையில் விபூதி வாசனையோடு, ‘நானும் ஒரு பொண்ணப் பெத்தவந்தாம்மா, அஞ்சடிதானே’ என்று சொல்லிக்கொண்டு வருவான். நான் அப்படித்தானே சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாயே.

அவள் அவனை விரட்டுவாள், அது எனக்குத் தெரியும். விரட்டும்போதெல்லாம் என் முகம் அவளுக்கு ஞாபகம் வருமே என்றுதான். பணத்தை இழந்தவன் என்று இத்தனை நாள் என் மேல் அவளுக்கு ஒரு இரக்கம் இருந்தது, அதுவும் போச்சு.

அப்புறம் இன்னொன்று. முந்தாநாள் விசாலம் சொன்னாள்: கடைச் சுவரை இடித்து அஞ்சடியை விட்டுவிடலாமா என்று மீனா அவளிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கொத்தனாரிடம் விலை விசாரித்திருக்கிறாளாம், அவள் பணத்திலிருந்து. மாடியில் பாதி தாங்கி நிற்பது அந்தச் சுவர். இடிப்பது சுலபம் இல்லை, தூண் போட்டு பீம் கொடுத்துத்தான் செய்ய முடியும். நான் ரகசியமாகப் போய் அதே கொத்தனாரிடம் கேட்டேன். அந்த ஆள் ரெண்டு பேருக்கும் வேறே வேறே விலை சொல்லியிருக்கிறான்.

பிள்ளையார் நோன்புக்கு நீ குடும்பத்தோடு வருகிறாய் அல்லவா? மீனாவும் லீவு சொல்லிவிட்டு வருகிறாள். இழை எடுத்து முடிந்ததும் உன்னைத் தனியாகப் பிடிப்பாள், எனக்கு நிச்சயம். 2003-இல் ஸ்கூட்டரை ஓட்டியது நீ, பின்னால் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நான். அந்தக் கதை விசாலத்துக்கே தெரியாது. அவள் கேட்டால் நீ மறைக்க மாட்டாய். அந்த நாளிலேயே காப்பியடித்தால் நீதான் முதலில் மாட்டிவிடுவாய். அதனால் கேட்கிறேன்: நானே முந்திக்கொண்டு சொல்லிவிடட்டுமா, இல்லை நீ வந்த பிறகு ரெண்டு பேருமாக உட்கார்ந்து சொல்லலாமா? எவ்வளவு கொடுத்தோம் என்று எனக்கு மறந்துவிட்டது. அவள் அதைக் கேட்பாள். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன்,
முத்து

பி.கு.: வரும்போது உன் மச்சானிடம் கேட்டு, தூணுக்கு இப்போது கம்பி என்ன விலை என்று தெரிந்துகொண்டு வா. கொத்தனாரை நம்பவில்லை.