அண்ணனுக்கு, ஜக்கார்டு பெட்டி விஷயமாக

அண்ணே,

அப்பா திதிக்கு நீ வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை, செல்லூரில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். வீடு, பங்கு, அண்ணி சொன்னது எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இது தறியையும், அதன் மேலே உட்கார்ந்து ஓட்டை அட்டைப்படி டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டியையும் பற்றி, அப்புறம் நீ கொடுத்த நாவலைப் பற்றி, கிப்சனும் ஸ்டெர்லிங்கும் எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்'.

படித்து முடித்துவிட்டேன். ஆரம்பப் பக்கங்களில் உன்னைத் திட்டிக்கொண்டேதான் படித்தேன், பிறகு கீழே வைக்க மனசு வரவில்லை. நிஜத்தில், பிரிட்டிஷ் அரசாங்கம் 1842இல் கைவிரித்துவிட்டதால் ஆங்கிலேயக் கணித மேதை சார்லஸ் பாபேஜ் சாகும்வரை அவருடைய கணக்கு இயந்திரம் முழுசாக உருவாகவே இல்லை. நாவலில் வருகிற 1855 லண்டனில் அது நீராவியில் ஓடுகிறது. ஆதார் மாதிரி ஆளுக்கு ஒரு எண் வேறு. 1824இல் கிரீஸில் செத்துப்போன கவிஞர் பைரன் இங்கே பிரதமர்! ஒரு பெட்டி நிறைய ஓட்டை போட்ட அட்டைகள், அதற்காக இத்தனை துரத்தல், இத்தனை கொலை. அட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டேன், இனிமேல் படிக்கப்போகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அந்த அட்டையை பாபேஜுக்குக் கொடுத்ததே தறிதான். 1804இல் பிரான்ஸில் ஜக்கார் என்பவர் செய்த தறி, நம் ஜக்கார்டு பெட்டிக்கு அவர் பெயர்தான். 1839இல் அந்த ஜக்காரின் முகத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டை. அதில் ஒரு படம் பாபேஜ் வீட்டிலேயே இருந்ததாம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அட்டை கோத்த கயிறு அறுந்த அந்த மழைக்காலம் உனக்கு மறந்திருக்காது. திண்ணையில் உட்கார்ந்து நீதான் மறுபடி கோத்தாய், நான் வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முழம் நெய்த பிறகுதான் அப்பா பார்த்தார், பார்டரில் ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரு வெட்டு. ஒரு அட்டைக்கு ஒரு ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை. ஓட்டை இருந்தால் கொக்கி நெடுக்கே ஓடுகிற பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அப்பா ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஓட்டையைத் தடவித் தடவிப் பார்த்து, திரும்பியிருந்த அந்த ஒன்றைப் பிடித்துவிட்டார். "யாரு?" என்றார். நீ என்னைப் பார்த்தாய், அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை. அடி எனக்கு விழுந்தது. அன்றைக்கு ராத்திரி உன் பங்கு பால்பன்னை என் தலைமாட்டில் வைத்தாய், நானும் தின்றேன். அதனால் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்காதே. எனக்கே துப்பறியும் கதை வாங்கித்தருகிறாயே, உனக்கு எவ்வளவு தைரியம்!

நீ அந்த நாவலை இயந்திரத்துக்காகப் படித்திருப்பாய். நான் சிபிலுக்காகப் படித்தேன். அவள் அப்பா இயந்திரங்களை எதிர்த்துத் தூக்கில் தொங்கினவர். அவளைச் சீக்கிரமே விட்டுவிட்டு எலும்பு ஆராய்கிறவர் பின்னால் கதை போகிறது, அதில்தான் எனக்கு வருத்தம். புகை, பல்சக்கரம், துப்பாக்கி எல்லாம் அருமையாகத்தான் இருக்கிறது. வேலை போன நெசவாளி வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று யார் எழுதினார்கள்?

சரி, முடிவுக்கு வருகிறேன். பெங்களூர் வீட்டுச் சுவரில் ஜக்கார்டு பெட்டியை மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். தரப்போவதில்லை. நீ வருத்தப்படுவாய், பரவாயில்லை. அடுத்த தெருவில் இன்னும் நெய்துகொண்டிருக்கிற ஒருவருக்கு, அட்டையோடு சேர்த்துத் தறியைப் பேசிவிட்டேன். விலையை இங்கே எழுதமாட்டேன், குறைவுதான். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பென்றால், இத்தனை வருஷம் அதற்கு எண்ணெய் போட்டவள் நான் என்பதையும் சேர்த்து யோசி.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வருகிறது. பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவர்தான் கிடைத்திருக்கிறார்.