முன்பணம் கட்டி எங்களை நிற்கவைத்தவர்களுக்கு

அன்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

டியூஷன் மையங்களின் மாதக் கட்டணக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் இணையவழி மென்பொருள், இவ்வாண்டு முதன்முறையாக, எங்கள் எல்லாருடைய சம்பளத்தையும் சந்தா வருமானத்திலிருந்தே கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. முதலீட்டாளர் எவருக்கும் பங்கு விற்காமல், வங்கிக் கடனும் வாங்காமல் வந்துவிட்டீர்களே என்று பலர் பாராட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான். எங்களுக்கும் முதல் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் பங்கு கேட்கவில்லை, அவ்வளவே.

முதல் நன்றி, மலேசியாவின் கிள்ளான் நகரில் மையம் நடத்தும் ஆசிரியை ஒருவருக்கு உரியது. கோவிட் பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அவர் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றிவிட்டார். கட்டணக் கணக்கு மட்டும் வழக்கம்போல் 555 எனப்படும் சிறிய சட்டைப்பை நோட்டுப்புத்தகத்திலேயே இருந்தது. அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். ஒரு வரியில் 'பாதி கொடுத்தாச்சு', அடுத்ததில் 'தம்பிக்குக் கழிவு', அதற்கும் கீழே 'அப்பாவுக்கு வேலை கிடைத்ததும்' என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இன்று எங்கள் மென்பொருளில் பகுதிக் கட்டணம், உடன்பிறந்தோர் கழிவு, தவணை ஒத்திவைப்பு ஆகியவை தனித்தனி வகைகளாக இருப்பதற்கு அந்தப் பக்கமே காரணம். கேள்விக்குறிக்கு மட்டும் நாங்கள் வகை எதுவும் வைக்கவில்லை. அதை ஆசிரியர்களின் மனத்துக்கே விட்டுவிட்டோம்.

மென்பொருள் அரைகுறையாக இருந்த காலத்திலேயே அவர் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டியதோடு, தமக்குத் தெரிந்த மற்ற மையங்களையும் அவ்வாறே கட்டச் செய்தார். மாதாமாதம் வாங்கியிருந்தால் அந்தப் பணம் சர்வர் வாடகைக்கே சரியாகப் போயிருக்கும். ஒரே தொகையாக வந்ததால்தான் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் இரு நிரலாளர்களை முழுநேர வேலைக்கு அழைக்க எங்களுக்குத் துணிவு வந்தது.

அந்த இருவருக்கும், பட்டர்வொர்த்தில் தம் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்கும் சகோதரிக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது. நமக்கும் நிரலாளர்கள் இருவருக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. இங்கே பதினொன்றரை ஆகும்போதுதான் அங்கே காலை ஒன்பது. வேலையை மூடுவதற்கு முன், எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதில் கைவைக்கக் கூடாது என்று தெளிவான தமிழில் எழுதிவைக்கும் வழக்கத்தை யாழ்ப்பாணத்துத் தம்பிதான் கொண்டுவந்தார். அந்தக் குறிப்புகள் இல்லாதிருந்தால் பாதி நாள் தொலைபேசியிலேயே கழிந்திருக்கும். விடுமுறைகளும் எங்களுக்கு ஒத்துழைத்தன: பொங்கலுக்கு அவர்கள் விடுப்பில் இருக்க நாங்கள் பார்த்துக்கொள்வோம், சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளி அன்றுதான் யாரும் அகப்படமாட்டோம்; எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரும் அன்று முறுக்குத் தட்டோடு இருப்பதால் இதுவரை எவரும் குறைசொல்லவில்லை.

பட்டர்வொர்த் சகோதரியின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். பெற்றோர் வங்கியில் பணம் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ரசீதுப் படத்தை அனுப்புவார்கள். அதில் அப்பாவின் பெயர் இருக்கும், பாட்டியின் பெயர் இருக்கும், சில வேளை கடையின் பெயர்கூட இருக்கும். எந்தப் பிள்ளைக்கான பணம் என்பது மட்டும் இராது. எந்த மையத்தைக் கேட்டாலும் மாதத் தொடக்கத்துத் தலைவலி இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறிய எண்ணைக் கொடுத்து, பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் அதை எழுதச் சொல்லலாம் என்ற யோசனை, நாள்தோறும் அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்த அவருக்குத் தோன்றியதே தவிர, நிரல் எழுதிக்கொண்டிருந்த எங்களுக்குத் தோன்றவில்லை. இணைய வங்கிவழி பணம் கட்டும் எஃப்பிஎக்ஸ், கைப்பேசியில் குறியீட்டை வருடிப் பணம் கட்டும் டுயிட்நவ் கியூஆர் இரண்டையும் இணைத்த பிறகும் பல மையங்கள் அந்த எண்ணையே நம்பியிருக்கின்றன.

எங்கள் கணக்காளர் ஐயா கண்டிப்பானவர். உள்ளூரில் முதல் ஊழியரைச் சேர்த்த மாதத்திலேயே, ஊழியர் சேமநிதி வாரியத்துக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் பதிந்துவிட்டு வந்து சம்பளத்தைப் பற்றிப் பேசு என்றார். ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரையிலான சம்பளத்துக்கு முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கையிருப்பு மெலிந்திருந்த காலத்தில் அது எனக்குப் பெருந்தொகை. ஆனால் ஊழியரின் பெயரில் சேரவேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டு வளரும் நிறுவனத்துக்குத் தாம் கணக்கு எழுதுவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து சென்டிரியான் பெர்ஹாட் எனும் தனியார் வரையறு நிறுவனத்தை நடத்தலாம். நிறுவனச் செயலாளர் மட்டும் கட்டாயம். அந்தப் பொறுப்பை ஏற்று, தம் கட்டணத்தை வருமானம் வரும்வரை கேட்காதிருந்த அம்மையாருக்கும் நன்றி.

செந்தூலில் தங்கள் வீட்டு முன்னறையை அலுவலகமாக விட்டுக்கொடுத்த அக்காவுக்கும் அத்தானுக்கும் என்ன எழுதினாலும் போதாது. 1996இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான சோஹோ வெளியார் முதலீடு இல்லாமல்தானே வளர்ந்தது என்று நான் அவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. பெரிய நிறுவனத்தைக் காட்டித் துணிவு சொல்லிக்கொள்வது எளிது. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கைத் திறக்கும்போது அந்த எடுத்துக்காட்டு உதவாது, முன்னறைக்கு வாடகை கேட்காத அக்காதான் உதவுவார்.

எங்களை விட்டு விலகிய மையங்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தங்கள் கணக்குகளை இறக்கிக்கொண்டு போகும்போது, வருகைப் பதிவு மெதுவாகத் திறக்கிறது, மலாயில் ரசீது வரவில்லை என்று காரணங்களை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். மலாய் ரசீது இப்போது வந்துவிட்டது. வருகைப் பதிவில் மதுரைத் தம்பி வேலை செய்துகொண்டிருக்கிறார்.

தொடக்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டிய மையங்களுக்கு, அவை எங்களோடு இருக்கும்வரை அதே கட்டணந்தான். அடுத்த புதுப்பிப்பு ரசீதில் தொகை மாறாமல் வந்தால், தவறுதலாக வந்ததென்று எண்ணி அழைத்துக் கேட்க வேண்டாம்.

நன்றியுடன்,
நிறுவனர்
செந்தூல், கோலாலம்பூர்