வராத வாடகைக்கு வரி

சிங்கப்பூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பேத்தி பிறந்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டு, வீட்டு வரிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். தாத்தா ஆன பிறகும் நீ திருந்தவில்லை. ஆனால் உன் கோபம் புரிகிறது. 2022-இல் தமிழ்நாடு முழுக்க ஏற்றியபோது, சென்னைக்கு வெளியே 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரேயடியாக இரட்டிப்பு. மாடி எடுக்காதே என்று அப்போதே சொன்னேன், கேட்டாயா?

"சிங்கப்பூரில் இந்தத் தொல்லையெல்லாம் ஏது" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கே சொத்து வரி ஆண்டு மதிப்பை வைத்துப் போடுவது உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன வரும் என்று போடும் கணக்கு. கோவிட் சமயத்தில் கட்டுமானம் முடங்கியதால் புது வீடுகள் தாமதமாயின. வாடகை 2022-இல் தாறுமாறாக ஏறியது. என் ஐந்தறை வீட்டின் ஆண்டு மதிப்பும் கூடவே 10,200 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 13,200க்குப் போய்விட்டது. நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. நீ உட்கார்ந்து சீட்டாடிய அதே சோபா கூடத்தில் கிடக்கிறது. முதல் 8,000 வெள்ளிக்கு வரியில்லை, அதற்கு மேல் 4 விழுக்காடு. 88 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தவன் 208 என்ற எண்ணைப் பார்த்தேன். தள்ளுபடி கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

இந்த வருடம் வரியில்லாத வரம்பு 12,000 ஆகிவிட்டது. சொந்த வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசாங்க அடுக்குமாடியில், குடியிருந்தால் 20 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. ஆகமொத்தம் 31ஆம் தேதிக்குள் நான் கட்ட வேண்டியது 38 வெள்ளி 40 காசு. சிரிக்காதே! தொகையில் இல்லை என் எரிச்சல். சம்பளம் ஏறினால் வரி ஏறட்டும், சரி. என் கைக்கு வராத வாடகை ஏறினதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? மருமகன் கேட்கிறான், "வீட்டு விலை ஏறிப்போச்சே மாமா, நீங்க பணக்காரர்தானே?" விற்றால்தானே பணம். விற்றுவிட்டு எங்கே போய்ப் படுப்பது?

பையைக் கடிப்பது மற்றவைதான். 1994-இல் பொருள், சேவை வரி 3 விழுக்காடாக வந்த அன்று காப்பிக்கடையில் நீ போட்ட சத்தம் நினைவிருக்கிறதா? போன வருடத்திலிருந்து அது 9. தண்ணீர், கனமீட்டருக்கு 2 வெள்ளி 74 காசாக இருந்தது. போன ஏப்ரலில் 20 காசு ஏறியது, வரும் ஏப்ரலில் இன்னும் 30. நகர மன்றத்தின் பராமரிப்புக் கட்டணமும் 2023 ஜூலையில் ஒரு தடவை, போன ஜூலையில் ஒரு தடவை ஏறியது. அப்படிக் கட்டியும், தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் மின்தூக்கி இரண்டு நாள் நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடிக்கு அரிசி மூட்டையோடு ஏறினேன். முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

இதற்கு நடுவே 3ஆம் தேதி சிடிசி, அதாவது சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு வந்தது. ஒவ்வொரு சிங்கப்பூரர் குடும்பத்துக்கும் 300 வெள்ளி, பாதி பேரங்காடிக்கு, பாதி அக்கம்பக்கக் கடைகளுக்கும் உணவங்காடிக்கும். "அரசாங்கம் எவ்வளவு கொடுக்குது பாருங்க" என்றாள் கமலா. நம்மிடம் வாங்கினதுதானே என்றேன். "அப்போ உங்க பங்கை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

நேற்றுக் காலை கீழே உணவங்காடியில் நாங்கள் நாலு பேர் விலைவாசியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தோம். பாலும் சர்க்கரையும் போடாத தேநீர், தே ஓ கோசோங், வந்தது. காசு கொடுக்க நாலு பேரும் ஒன்றாகக் கைப்பேசியை எடுத்தோம், நாலிலும் பற்றுச்சீட்டு. கடைக்கார அம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு காற்பந்துக்குப் போய்விட்டது.

ஆண்டு மதிப்பை எதிர்த்து மனு போடலாம்தான். 38 வெள்ளிக்காக மனு எழுதினால் கமலா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். உன் வீட்டை அளந்தது சரிதானா என்று முதலில் பார். மொட்டை மாடிக் கொட்டகையையும் சேர்த்து அளந்திருந்தால் விடாதே, எழுதிப் போடு.

அப்புறம், பேத்திக்கு என்ன பெயர்? வரிக் கணக்கில் அதை எழுத மறந்துவிட்டாய்.

உன்,
முத்து