பவர் கேபிளின் விலையும் விளம்பர உறுதிமொழியும் குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், காரைக்குடி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பவர் கேபிளுக்குச் செலுத்திய ரூ.68,000-ஐத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

கடந்த பொங்கலுக்கு முன் தங்கள் சென்னைக் காட்சியகத்தில், என் ஆம்ப்ளிஃபயருக்காக ஒன்றரை மீட்டர் பவர் கேபிள் ஒன்றை ரூ.68,000 கொடுத்து வாங்கினேன். அது மின்சாரத்தைத் தூய்மைப்படுத்தி இசையைத் தெளிவாக்கும் என்று தங்கள் விளம்பர ஏடு உறுதி கூறியிருந்தது. அப்பா சேர்த்துவைத்த நாகஸ்வர இசைத்தட்டுகளை நல்ல முறையில் கேட்க வேண்டும் என்ற ஆசையில் அதை நம்பினேன்.

நான்கு மாதம் கேட்டும் வேறுபாடு தெரியவில்லை. என் செவியின் குறையோ என்று ஐயுற்று, இந்தக் கேபிளையும் ஆம்ப்ளிஃபயரோடு வந்த சாதாரணக் கேபிளையும் எது என்று சொல்லாமல் 12 முறை மாற்றி மாற்றிப் பொருத்துமாறு மைத்துனரிடம் கேட்டுக்கொண்டேன். நான் 5 முறையும், உடனிருந்து கேட்ட நாகஸ்வர வித்துவான் 6 முறையும் சரியாகச் சொன்னோம்; கேட்காமலே சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் சரியாக வந்திருக்கும்.

பல கிலோமீட்டர் அலுமினியக் கம்பியிலும், பிறகு வீட்டுச் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியிலும் வரும் மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் எவ்வாறு தூய்மையாக்கும்? 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்து, ஒரே திசையில் பாயச் செய்து, வடிகட்டும் வேலையை ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபயரும் கெப்பாசிட்டர்களுமே செய்கின்றன. தங்கள் கேபிளில் வடிகட்டி ஏதும் இல்லை என்பதை அதன் குறிப்பேடே காட்டுகிறது.

இதைவிட என்னை வருத்துவது, இசை கேட்கும் அறை எப்படிப்பட்டது என்று தங்கள் விற்பனையாளர் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை என்பதாகும். நான் இசை கேட்கும் இடமான எங்கள் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் தரை, சுண்ணாம்பு பூசி வழவழப்பாகத் தேய்த்த சுவர், உயர்ந்த கூரை; கை தட்டினால் ஓசை அடங்கச் சற்று நேரமாகும். பின்னர் ரூ.6,000 செலவில் இரண்டு பவானி ஜமக்காளங்களை விரித்து, கனத்த திரை ஒன்றையும் தொங்கவிட்டபோது தவிலின் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு அடியின் ஒலியும், தனித்தனியே கேட்டது. அந்த மாற்றத்தை யாரும் எடுத்துச் சொல்லாமலே என் மனைவி கவனித்தார்.

போதிய சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உறுதி அளிப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சோதனை நடந்தது என்றால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் தங்களுடையதே. ஆகவே, 30 நாட்களுக்குள் அந்தச் சோதனை முடிவுகளை எனக்கு அனுப்புங்கள். அல்லது பணத்தைத் திருப்பித் தந்து, விளம்பரத்திலிருந்து அந்த உறுதிமொழியை நீக்குங்கள். இரண்டும் நடைபெறாவிடில், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்