பாபிலோன் ஆறுகளை முதலில் பாடியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய ஆங்கிலப் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையில், 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' போனி எம் குழுவினர் உருவாக்கிய பாடல் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. சென்ற டிசம்பரில் எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் விழாவிலும் மேடையில் இதையே அறிவித்தார்கள். கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலைக்கு அந்தப் பக்கமுமாக, தமிழ்ச் சபை என்றும் மலையாளச் சபை என்றும் வேறுபாடில்லாமல் இளைஞர்கள் பல ஆண்டுகளாகப் பாடிவரும் பாட்டு இது. அதனால்தான் அதன் பிறப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்தப் பாட்டை எழுதியவர்கள் ஜமைக்காவைச் சேர்ந்த மெலோடியன்ஸ் என்னும் குழுவின் பிரென்ட் டோ, ட்ரெவர் மெக்நாட்டன் ஆகிய இருவர். லெஸ்லி கோங் என்பவரின் தயாரிப்பில் 1970-இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. வரிகளில் பெரும்பகுதி வேதாகமத்தின் சங்கீதம் 137-இலிருந்து எடுக்கப்பட்டது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூத மக்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, தங்கள் எருசலேமாகிய சீயோனை நினைத்து அழுததும், அலரிச்செடிகளில் கின்னரங்களைத் தொங்கவிட்டதும் வரும் அந்தச் சங்கீதத்தை நம் வேதாகமத்தில் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாட்டின் பிற்பகுதியோ, பிரசங்கத்துக்கு முன் போதகர்கள் வழக்கமாகச் சொல்லும், வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் ஏற்புடையதாக இருக்கட்டும் என்ற 19-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்.

ஆனால் அந்த இருவரும் வேதாகமத்தை அப்படியே இசையமைத்துவிடவில்லை. ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தின் நம்பிக்கையை அவர்கள் அதனுள் வைத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியினருக்குப் பாபிலோன் என்பது தங்களை அடக்கி வைத்திருக்கும் உலகம். சீயோன் என்பது ஆப்பிரிக்க மண். எனவே, அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவது என்று சங்கீதம் கேட்கும் இடத்தில், அவர்கள் 'கிங் ஆல்ஃபா'வின் பாட்டை எப்படிப் பாடுவது என்று கேட்டார்கள். ராஸ்தஃபாரியர் தெய்வமாகக் கொண்ட எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைக் குறிக்கும் சொல் அது. இத்தகைய சொற்களுக்காகவே ஜமைக்கா அரசு தொடக்கத்தில் பாட்டைத் தடை செய்தது. காலங்காலமாகக் கிறிஸ்தவர்கள் பாடிவரும் சங்கீதத்தையா தடை செய்கிறீர்கள் என்று லெஸ்லி கோங் வாதிட்ட பிறகு தடை விலகியது. பாட்டும் அந்நாட்டில் முதலிடம் பிடித்தது. 1972-இல் வந்த 'தி ஹார்டர் தே கம்' என்ற ஜமைக்கப் படத்தின் இசைத்தட்டில் இடம்பெற்றதால் வெளிநாடுகளிலும் பலர் அதைக் கேட்டார்கள். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட் 1976-இலேயே, அதாவது போனி எம் பாடுவதற்கு முன்பே, அதைப் பாடியிருக்கிறார்.

ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் உருவாக்கிய போனி எம் குழு 1978-இல் அதைப் பாடியது. பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்து, அங்கு மட்டுமே 20 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தப் பதிவில் 'கிங் ஆல்ஃபா' இல்லை. அந்த இடத்துக்குக் கர்த்தர் திரும்பி வந்துவிட்டார். பாட்டை இயற்றியவர்கள் பட்டியலில் மட்டும் டோ, மெக்நாட்டன் ஆகியோருடன் ஃபாரியன் பெயரும் இன்னொருவர் பெயரும் சேர்ந்துகொண்டன. போனி எம் பாடியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதன்மையாகப் பாடிய லிஸ் மிட்செலும் ஜமைக்காவில் பிறந்தவர்தான். அவர் குரலில் இருக்கும் ஏக்கம் பொய்யானதல்ல. ஒரு பாட்டைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடுவது அந்தப் பாட்டுக்கு ஆயுள் தருகிறது. முதலில் பாடியவர்களின் பெயர் அதில் கரைந்துபோவதுதான் எனக்கு வருத்தம்.

எனக்கு இந்தப் பாட்டு கிடைத்தது 1980-களின் தொடக்கத்தில், மஸ்கட்டில் கொத்தனார் வேலை பார்த்த என் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரு கேசட்டில். என் அண்ணன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, திரும்ப ஓட்டி, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினான். பிடிபடாத சொற்களுக்குப் புள்ளி வைத்தான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் பாடகர் குழு முதன்முதலாக இதைப் பாடியது. 'த லார்ட்ஸ் ஸாங்' என்று அவன் நீல மையில் எழுதி அடிக்கோடிட்ட வரி இப்போதும் அழியாமல் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, மெலோடியன்ஸ் பாடியதை முதன்முறையாகக் கேட்டபோது அந்த வரி வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை ஆட்டத்துக்கான பாட்டு என்றே நினைத்திருந்தேன். தாளம் மெதுவாகி, மூன்று ஆண் குரல்கள் சேர்ந்து வந்தபோதுதான் அது அழுகிறவர்களின் பாட்டு என்பது புரிந்தது. சித்தப்பா எதற்காக அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார் என்பதும் அன்றுதான் புரிந்தது.

எங்கள் வீட்டிலுள்ள பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும், அடியில் இயற்றியவர் பெயரும் அச்சாகியிருக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையை எந்த ஊரில் எந்த மெட்டில் பாடினாலும் அது அவருடையது என்று நமக்குத் தெரிவது அந்த ஒரு வரியால்தான். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மோசவத்சலம் சாஸ்திரிகளின் மலையாளக் கீர்த்தனைகளை இந்தப் பக்கத்தில் பாடுகிறவர்களும் அவர் பெயரை மரியாதையோடு சொல்லியே பாடுகிறார்கள். கடல் கடந்து வந்த பாட்டுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

ஆகவே, இணைப்பின் அடுத்த இதழில் டோ, மெக்நாட்டன் ஆகிய இருவரின் பெயரையும் 1970 என்ற ஆண்டையும் குறிப்பிட்டு ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுபதிவாகப் புகழ்பெற்ற வேறு பாடல்களைப் பற்றி எழுதும்போதும் முதல் பதிவு யாருடையது என்பதைச் சேர்த்து எழுதினால், மேடையில் அறிவிக்கிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் பார்த்தே சரியாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பாடகர் குழுவில் இந்த ஆண்டு நிகழ்ச்சித் தாளைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதில் இந்த இரண்டு பெயர்களையும் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பாடகர் குழு உறுப்பினர் ஒருவர்,
களியக்காவிளை.