நாலு ஓட்டை ஒத்துப்போனால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். பழைய அலாய் வீல் வாங்கி வேறு கம்பெனி காருக்கு மாட்டும் பழக்கம் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது ரொம்பவே அதிகம். பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் சரக்கும் சுலபமாகக் கிடைக்கிறது. நானும் வாங்கினேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் இருப்பது ஃபியட் புன்டோ. ஓசூர் போயிருந்தபோது ஒரு கடையில் நாலு அலாய், டயரோடு, பார்க்க அழகாக இருந்தது. ஸ்விஃப்டிலிருந்து கழற்றியதாம். "இது என் வண்டிக்குச் சேருமா தம்பி?" என்று கேட்டேன். "நாலு போல்ட் வண்டிக்கு நாலு ஓட்டை வீலு, அவ்வளவுதாண்ணா" என்றார். பழைய போல்ட்டையே போட்டு முறுக்கி அனுப்பிவிட்டார்கள். எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது, பேலன்சிங் பார்த்தால் சரியாகிவிடும் என்றார்கள், இரண்டு தடவை பார்த்தும் நடுக்கம் போகவில்லை.

போன மாதம் காரிமங்கலத்திலிருந்து சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது பின்பக்கம் டக் டக் என்று சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இரண்டு போல்ட் விரலால் சுற்ற வருகிறது! அந்த இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரி இருக்கும்போது வீல் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வீலைக் கழற்றியதுமே சொல்லிவிட்டார், "இது நூறு, உங்க வண்டி தொண்ணூத்தெட்டு." எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் பிசிடி என்கிறார்கள். புன்டோ, லீனியாவுக்கு அது 98 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டிக்கு 100. ஃபிகோவுக்கு 108, அதனால் அது நுழையவே நுழையாது, ஆபத்தும் இல்லை. இந்த இரண்டு மில்லிமீட்டர்தான் ஏமாற்றுகிறது. போல்ட் உள்ளே போகும், இறுகவும் செய்யும், ஆனால் சாய்ந்து போய் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். ஸ்பேனருக்கு இறுக்கமாகத் தெரிவது ஓட ஓடத் தளர்ந்துவிடும்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. வெளிக் கம்பெனி அலாய்களில் நடு ஓட்டையைப் பெரும்பாலும் 73 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக விட்டிருப்பார்கள், எந்த வண்டிக்கும் ஆகட்டும் என்று. புன்டோவின் ஹப்போ, அதாவது வீலின் நடு ஓட்டைக்குள் போய் உட்காரும் வண்டிப் பக்கத்து வட்டம், 58.1. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ரிங் வேண்டும். பழைய வீல் கைமாறும்போது முதலில் தொலைவது அந்த ரிங்தான்.

பிசிடி ஒன்றாக இருந்தாலும் நட்டு ஒன்றாக இருக்காது. ஒரு மரைச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஸ்விஃப்டில் 1.25 மில்லிமீட்டர், ஐ20-யில் 1.5. வீலோடு வந்த நட்டு என்று மாற்றி முறுக்கினால் மரை போய்விடும். என் புன்டோ மாதிரி நட்டு இல்லாமல் போல்ட்டையே முறுக்கும் வண்டிகளில் அலாய் தடிமன் கூடுதலாக இருந்தால் பழைய போல்ட் நீளம் பற்றாது. கையால் எண்ணிப் பாருங்கள், 1.25 மரை என்றால் எட்டு சுற்றாவது உள்ளே போக வேண்டும். அப்புறம் டயர். என்னுடையதில் 1415 என்று இருந்தது, அதாவது 2015-ம் வருடம் 14-வது வாரம் செய்தது. வாங்கும்போது பளபளப்பைத்தான் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

அளப்பது பெரிய வித்தை இல்லை. நாலு ஓட்டை வீலில், ஓர் ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை வெர்னியர் (நுட்பமாக அளக்கும் காலிப்பர்) வைத்தால் பிசிடி வந்துவிடும். டேப்பை நம்பாதீர்கள். பிசிடியையும் நடு ஓட்டை அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். கடைக்காரர்களுக்கும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன், ஒரு வெர்னியர் வாங்கி வைக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

அன்றைக்கு என் மகன் மொட்டை மாடியில் கிடந்த பழைய இரும்பு ரிம்மையெல்லாம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். எதற்கு இந்தக் குப்பை என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே நான் வைத்திருந்தவை. பதினாறு போல்ட்டையும் புதிதாக மாற்றிவிட்டேன். அலாய் நாலும் இப்போது அதே மாடியில். ஸ்விஃப்ட் வைத்திருக்கும் யாராவது கேட்டால், ஸ்விஃப்ட் ஹப்புக்கான 54.1 ரிங் வாங்கிக்கொண்டு வரச் சொல்லித்தான் கொடுப்பேன், டயர் இல்லாமல்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்