லேசிக் முன்பரிசோதனையில் குளறுபடி: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மையத்தில், லேசரால் கண் பவரைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சைக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். உங்கள் தொலைபேசியில் 1-ஐ அமுக்கு, 2-ஐ அமுக்கு என்று அமுக்கி அலுத்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நான் கண்ணில் போடுவது டோரிக் லென்ஸ் (சிலிண்டர் பவருக்கான கான்டாக்ட் லென்ஸ்) என்பது உங்கள் படிவத்திலேயே இருக்கிறது. எப்போது கழற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, "முந்தின நாள் ராத்திரி கழட்டிடுங்க, போதும்" என்றார் உங்கள் ஊழியர். போதாது. முதல் பரிசோதனைக்கு முன்பே சாதாரண மென்லென்ஸை 2 வாரம், டோரிக்கையும் காற்றுப் புகும் கடின லென்ஸையும் 3 வாரம், பழைய வகைக் கடின லென்ஸை 4 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொதுமக்களுக்கே சொல்லியிருக்கும் கணக்கு இது. லென்ஸ் அமுக்கிய கருவிழி பழைய வளைவுக்குத் திரும்ப அவ்வளவு நாள் பிடிக்கும். அதற்குள் எடுக்கிற டோபோகிராஃபி படத்தை, அதாவது கருவிழி வளைவின் வரைபடத்தை, நம்பி லேசர் வைத்தால் பவர் தப்பும், சீவிய திசு திரும்ப வராது. லேசரை விற்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

நடந்ததும் அதுதான். இரண்டு படங்களில் சிலிண்டர் பவரின் அச்சு வேறு வேறு கோணத்தில் வந்தது. பரிசோதனை அறையில் "மெஷின் சரியில்ல" என்றார்கள், கவுன்ட்டரில் "உங்க கண்ணு சரியில்ல" என்றார்கள். லென்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வரச்சொன்ன அன்று, உட்கார்ந்த உடனே கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு, அதன் பிறகு டோபோகிராஃபிக்கு அனுப்பினீர்களே, அதை எதில் சேர்ப்பது? கண்ணைத் தொடாத சோதனைகள் முதலில் முடிய வேண்டும்: டோபோகிராஃபி, மங்கிய வெளிச்சத்தில் பாப்பாவின் அளவு. பிறகு கண்ணீர்ச் சோதனை. இமை ஓரத்தில் காகிதப் பட்டையை மாட்டி 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது, முன்னமே கண்ணில் மருந்து தளும்பினால் எதைக் காட்டும்? மரத்துப்போகும் சொட்டும், தொட்டுப் பார்த்துத் தடிமன் அளப்பதும் அதற்குப் பின். பாப்பாவை விரித்துப் பவரையும் விழித்திரையையும் பார்ப்பது கடைசி. வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, "இன்னிக்கு ரீடிங் செல்லாது, வேற நாள் வாங்க" என்று அனுப்பினீர்கள். அந்தக் கண்ணோடு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும், கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல நாதியில்லை.

இதைக் கேட்கத் தொலைபேசியில் பிடித்தபோதுதான் உங்கள் அம்மையார் ஒருவர் சொன்னார்: "படிச்சவங்கதானே, நெட்ல பாத்துட்டு வர வேண்டியதுதானே?" சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். நெட்டில் பார்த்து வருவதற்கு நீங்கள் எதற்கு, உங்கள் கட்டணம் எதற்கு?

அறிக்கையில் "தகுதி உண்டு" என்ற ஒரே வரி. கருவிழித் தடிமன் எவ்வளவு என்றால், "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பார்." இது மூடிவைக்கிற ரகசியமில்லை. உதாரணத்துக்கு 520 மைக்ரான் தடிமன், வெட்டித் திறக்கும் மேல்மடல் 110, மைனஸ் 5 பவருக்கு ஒரு டயாப்டருக்கு (பவரின் அலகு) 14 வீதம் லேசர் சீவுவது 70 என்றால் அடியில் 340 மிஞ்சும். 250-க்குக் கீழே போகவே கூடாது, 300 வேண்டும் என்கிற மருத்துவர்களும் பலர். இந்தக் கூட்டல் கழித்தலைக் காட்டாமல் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது? பவர் ஒரு வருடமாவது அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் இருந்ததற்குச் சாட்சியாக நான் கொடுத்த பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் தொலைத்துவிட்டீர்கள். வேலை போச்சு, தூக்கம் போச்சு, இந்த வருடமே உங்கள் காத்திருப்பு நாற்காலியில் கரைந்துவிட்டது.

இன்னமும் மரியாதையாகவே கேட்கிறேன். முன்பரிசோதனைக் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். நான் 3 வாரம் லென்ஸ் போடாமல் இருந்து வந்த பின், இரண்டு அளவுகள் ஒத்துப்போகும் வரை சரியான வரிசையில், கட்டணமின்றி மறுபரிசோதனை செய்து எண்களோடு அறிக்கை கொடுங்கள். சிகிச்சைக்கு முந்தின நாளிலிருந்து கண்மை, கிரீம், வாசனைத் திரவியம் கூடாது, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அடங்கிய அச்சிட்ட குறிப்பை முன்பதிவின்போதே எல்லோருக்கும் தாருங்கள். அந்த அம்மையார் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் இதே கடிதம் போகும். உங்கள் இரண்டு டோபோகிராஃபி படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தொலைபேசியில் அழைக்க வேண்டாம், பதில் எழுத்தில் மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(முன்பதிவு ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது)